ஓடும் நிலையில் ஓர் இயந்திரம்

தொழிற்பேட்டை உரிமையாளர் சங்கத் தலைவருக்குப் பேசும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். அடைப்பதற்கென்றே பேச்சில் மூன்று இடங்கள் குறித்து வைத்திருந்தார். முதல் இடம் வந்ததும் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு கேட்டார்.

“நிலம் எங்கே? நான் கேட்கிறேன், தொழில் செய்ய நிலம் எங்கே?”

கூட்டம் கைதட்டியது.

அவர் காலுக்குக் கீழே இருந்தது தொழில் நிலம்தான். தொழில் செய்வதற்கென்று அரசாங்கம் ஒரு காலத்தில் சல்லிசாக ஒதுக்கிய மனை. அவருடைய அப்பா அதில் இரும்பு வார்த்தார். மகன் அதே இடத்தில் பளபளவென்று மரத்தரை போட்டு, வலை கட்டி, பேட்மிண்டன் கோர்ட் ஆக்கியிருந்தார். வலைக்கு மேலே ‘தொழில் நிலத் தட்டுப்பாடு: சவால்களும் தீர்வுகளும்’ என்ற பேனர் தொங்கியது. மரத்தரையில் செருப்புக் கால் படக்கூடாது என்பதால், வந்திருந்த தொழிலதிபர்கள் அத்தனை பேரும் சாக்ஸோடு உட்கார்ந்து நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடு வரிசையில் ஒருவர் மட்டும் வெறுங்காலோடு இருந்தார். கதவுக்கும் அலமாரிக்கும் போடுகிற கீல் செய்பவர், எல்லாருக்கும் கீல்காரர். நகரத்துக்கு உள்ளே ஒரு சந்தில், வாடகை ஷெட்டில், ஒரே ஒரு பவர் பிரஸ்ஸை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர். அந்த ஷெட்டை உரிமையாளர் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். மாதக் கடைசியில் இடிப்பு. கீல் வாங்குகிற அலமாரிக் கம்பெனியோ, சரக்கு ஒரு வாரம் நின்றாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அன்பாகச் சொல்லியிருந்தது. அதனால்தான் மனிதர் ‘தீர்வுகளும்’ என்ற சொல்லை நம்பி வந்து உட்கார்ந்திருந்தார்.

கேள்வி நேரம் வந்ததும் எழுந்தார்.

“ஐயா, ஒரு சின்ன சந்தேகம். இந்தப் பேட்டையில ஒரு ஷெட் வாடகைக்குக் கிடைக்குமா? பெரிசா வேண்டாம். ஒரு பிரஸ் வைக்கிற இடம் போதும்.”

முன் வரிசையிலிருந்து டான்ஸ் மாஸ்டர் திரும்பினார். தலைவரின் கோர்ட்டுக்கு இரண்டு மனை தள்ளி, பழைய லேத் பட்டறையில் நடனப் பள்ளி நடத்துபவர்.

“பிரஸ்ஸுன்னா, துணி தேய்க்கிறதா?”

“இல்லீங்க, இரும்பு அடிக்கிறது.”

“சத்தம் வருமே?”

“வரும். இரும்பாச்சே.”

டான்ஸ் மாஸ்டருக்குப் பக்கத்திலிருந்த காபிக்கடைக்காரர் அனுதாபமாகத் தலையாட்டினார். பேட்டையில் அவருடைய இடம் தலைவருக்கும் டான்ஸ் மாஸ்டருக்கும் நடுவில்: கோர்ட்டுக்கும் நடனப் பள்ளிக்கும் இடைப்பட்ட ஷெட். பூச்சு உதிர்ந்த செங்கல் சுவர், துருப்பிடித்த குழாய் என்று ‘ஃபேக்டரி லுக்’ காபிக்கடை. ஷெட்டை வாங்கியபோது அதில் நிஜமான துரு நிறைய இருந்தது. அதையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, ஆள் வரவழைத்து, துரு மாதிரியே பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.

தலைவர் புன்னகையோடு பதில் சொன்னார்.

“நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இது தொழிற்பேட்டை. இங்கே வந்து மெஷின் கிஷின்னு போட்டா, பக்கத்துல தொழில் பண்றவங்களுக்கு இடைஞ்சலா இருக்காதா?”

பலத்த கைதட்டல். கீல்காரர் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகும்போது ஒரு ஃபைலும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள்.

கீல்காரருக்கு ஒரு மச்சான் உண்டு, மனைவியின் தம்பி. தரகர் என்று சொன்னால் முகம் கோணிவிடும். ‘நில ஆலோசகர்’ என்று கார்டு அடித்து வைத்திருந்தான். அக்கா புருஷனுக்கு இடம் பார்த்துத் தருவது தன் கடமை என்று கிளம்பி, முதலில் ஓர் இடம் காட்டினான். அது அடுத்த ஊருக்கு அடுத்த ஊர். இரண்டாவது இடம் கிட்டத்தில்தான் இருந்தது. ஆனால் ஏரிக்குள் இருந்தது.

“கோடையில பாருங்க மாமா, சூப்பரா இருக்கும்” என்றான்.

மூன்றாவதுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதே குரலில் ஒரு கித்தாப்பு இருந்தது. “இதுதான் மாமா உங்களுக்குன்னே கட்டினது. பக்கா இண்டஸ்ட்ரியல்.”

லிஃப்ட் மேலே மேலே போனது. கதவு திறந்தால் ஓர் அடுக்குமாடி வீடு. சிமென்ட் பூசாத சுவர், கூரையில் இரும்பு உத்தரம், உத்தரத்திலிருந்து ஒரு கிரேன் கொக்கி.

“பாருங்க, கிரேனே உள்ளே இருக்கு.”

கீல்காரர் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். லேசாக ஆடியது. “இது என்னடா தூக்கும்?”

“செடித் தொட்டி மாமா.”

“என் பிரஸ்ஸை எங்கேடா வைக்கிறது?”

“பால்கனி பெரிசு.”

கீல்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே, கட்டடங்களுக்கு நடுவே, அவருடைய ஷெட்டின் தகரக் கூரை தெரிந்தது. அதை ஒட்டிப் போன வருஷம்தான் ஓர் அடுக்குமாடி எழும்பியிருந்தது. முன்பு அங்கே பட்டறைகள் இருந்த நினைவாக ‘பட்டறை ரெசிடென்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பட்டறைச் சத்தம் தாங்க முடியவில்லை என்ற புகாரும் அங்கிருந்துதான் வந்தது.

“மச்சான், என்னை இங்கேருந்து கீழே கூட்டிட்டுப் போ. இல்லேன்னா நானே குறுக்கு வழியில போயிடுவேன்.”

இது இப்படி இருக்க, தலைவரின் பேச்சு பேப்பரில் வந்தது. போட்டோவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்ததோடு நின்றிருக்கலாம். மேலிடத்தில் யாரோ ஒருவர் அதைப் படித்துத் தொலைத்துவிட்டார். தொழில் நிலம் இல்லை என்று ஒரு தலைவரே கண் கலங்குகிறாரே, ஒதுக்கிய நிலமெல்லாம் என்ன ஆச்சு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அரசாங்கத்தில் யாருக்காவது இப்படி ஏதாவது தோன்றினால் உடனே ஓர் ஆணை வந்துவிடும். வந்தது.

‘தொழிற்பேட்டையின் ஒவ்வொரு மனையிலும், ஓடும் நிலையில் உள்ள ஓர் இயந்திரமாவது இருத்தல் வேண்டும். தவறினால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும்.’

ஓர் அதிகாரி நேரில் வந்து ஆய்வு செய்வார். முதலில் கோர்ட் இருக்கும் வரிசை, அதாவது பேட்மிண்டன், காபி, நடனம் மூன்றும். பிறகு மற்ற வரிசைகள். தலைவர் கோர்ட்டில் அவசரக் கூட்டம் போட்டார். அவசரத்தில் இரண்டு பேர் செருப்போடு வந்துவிட்டார்கள். அவர் கவனிக்கக்கூட இல்லை.

“நம்மகிட்ட மெஷின் என்னதான் இருக்கு? வெளிப்படையா பேசுங்க.”

“காபிக்கொட்டை அரைக்கிறது இருக்குண்ணே” என்றார் காபிக்கடைக்காரர்.

“ஏசி ஓடுது சார்” என்றார் டான்ஸ் மாஸ்டர். “ராத்திரி பகலா ஓடுது.”

பின் வரிசையில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவர் கை தூக்கினார். “எங்கிட்ட டிரெட்மில் இருக்கு. ஓடுற நிலையில இருக்கு.”

“அதுல ஓடுறது மெஷினா, ஆளான்னு கேட்டா என்ன சொல்லுவே?”

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

அப்போதுதான் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் எங்கே நடந்தாலும் ஓரத்தில் நிற்பது மச்சானின் தொழில். “மெஷின்தானே சார்? எங்க மாமாகிட்ட ஒண்ணு இருக்கு. பார்த்தாலே மெஷின் மாதிரியே இருக்கும்.”

மறுநாள் தலைவர் சந்துக்கே வந்துவிட்டார். வெள்ளை ஷூ. கீழே கிடந்த இரும்புச் சீவல்களில் மிதிக்காமல், தண்ணீர் தேங்கிய தெருவில் நடப்பதுபோல எட்டு வைத்து வந்தார். உள்ளே கீல்காரர் காலால் பெடலை மிதிக்க, பிரஸ் டங், டங் என்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு கீல் தகடு கீழே விழுந்தது. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டிரண்டு தகடாகச் சேர்த்து ஆணி கோத்துக்கொண்டிருந்தாள்.

“இது நல்லா ஓடுமா?” என்று சத்தமாகக் கேட்டார் தலைவர்.

“ஓடுதே, தெரியலையா?”

“இல்லை, ஓர் இடத்துலேருந்து இன்னோர் இடத்துக்கு.”

கீல்காரர் பெடலிலிருந்து காலை எடுத்தார். தலைவர் திட்டத்தைச் சொன்னார். அதிகாரி முதலில் நடனப் பள்ளிக்கு வருவார். அங்கே பிரஸ் ஓடும். அவர் முன்வாசல் வழியாக வெளியேறி நாலு வார்த்தை பேசி ஜூஸ் குடிப்பதற்குள், ஃபோர்க்லிஃப்டில் ஏறிப் பின்சந்து வழியாகக் காபிக்கடைக்குப் போகும். அங்கே பார்த்து முடித்ததும் கோர்ட்டுக்கு. ஒரே மெஷின், மூன்று தொழிற்சாலை.

“நாட்டுக்கே முன்மாதிரி” என்றார் தலைவர். சொன்னபோது அவருக்கே தொண்டை லேசாக அடைத்தது.

“வாடகை என்ன கேட்டாலும் தர்றோம். நீங்களும் கூடவே வரணும். ஓட்ட ஆள் வேணுமே.”

“வாடகை இருக்கட்டுங்க. எனக்கு வேண்டியது இடம். ஒரு மூலை கொடுங்க.”

“பரிசீலிக்கிறோம். சங்கத்துல வெச்சு, நல்லபடியா பரிசீலிக்கிறோம்.”

கீல்காரர் மனைவி ஆணி கோப்பதை நிறுத்தாமலே சொன்னாள். “பரிசீலனையில மெஷினை இறக்கி வைக்க முடியாதுங்க.”

தலைவர் சிரித்தார். பெண்கள் பேசும்போது சிரித்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அவருடைய அனுபவம். அவர் போனபிறகு கீல்காரர் புகைந்தார்.

“பார்த்தியா? மெஷின் வேணுமாம், எனக்கு இடம் மட்டும் கிடையாதாம். முடியாதுன்னு சொல்லிடப் போறேன்.”

“எதுக்கு முடியாதுங்கறீங்க? எப்படியும் மாசக் கடைசியில இதைத் தூக்கியாகணும். ஃபோர்க்லிஃப்டுக்குக் காசு கொடுக்க அந்த ஆள் இருக்காரு. தூக்கட்டும்.”

“தூக்கி?”

“தூக்கட்டுங்க முதல்ல” என்றாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். “டேய் ஆலோசகர், அன்னைக்கு உன் வேன் வேணும். ஃபவுண்டேஷன் போல்ட், டிரில்லர், சிமென்ட், எல்லாம் ஏத்து. ஒரு ஆணி பாக்கி வைக்காதே.”

“எதுக்குக்கா? ஒரு நாள் வாடகைக்குத்தானே போறோம்?”

“வீடு மாறும்போது துடைப்பத்தை விட்டுட்டா போவாங்க? ஏத்துன்னா ஏத்துடா.”

ஆய்வு நாள் காலையில் பேட்டைக்கே தொழில் களை வந்திருந்தது. உரிமையாளர்கள் அத்தனை பேரும் புத்தம் புது நீல யூனிஃபார்மில், மடிப்புக் கோடு கலையாமல் நின்றார்கள். உழைக்கிற கை தெரிய வேண்டும் என்று தலைவர் உள்ளங்கையில் எண்ணெய் பூசியிருந்தார். மனம் ஒப்பாமல் ஆலிவ் எண்ணெயாகப் பார்த்துப் பூசியிருந்தார். காபிக்கடைக்காரருக்கு மட்டும் அதிக வேலை இல்லை. நாற்காலிகளை ஒளித்துவிட்டு, ‘தீர்ந்துபோனவை’ என்று கேக் பெயர் எழுதியிருந்த கரும்பலகையில் ‘புகை பிடிக்காதீர்’ என்று எழுதி வைத்தார். கடை அசல் தொழிற்சாலையாகிவிட்டது.

ஆய்வு அதிகாரி ஒரு பெண். தோளில் ஒரு பை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில், முகத்தில் இதுமாதிரி நிறைய பார்த்த களைப்பு. மாலையை வாங்கிப் பக்கத்து நாற்காலிக்குப் போட்டுவிட்டு, “மெஷின் எங்கே?” என்றார்.

நடனப் பள்ளியின் நாலு சுவரும் கண்ணாடி. நடுவில் ஒரே ஒரு பிரஸ். அதன் முன்னால் கீல்காரர். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பிரஸ் பின்னால் பிரஸ்ஸும், கீல்காரர் பின்னால் கீல்காரருமாக, ஏதோ வல்லரசின் ஆலை மாதிரி இருந்தது.

“எத்தனை மெஷின்?”

டான்ஸ் மாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். “கண்ணாடியில பார்த்தா... நிறைய மேடம்.”

“கண்ணாடி எதுக்கு?”

“தொழிலாளிங்க தங்களைத் தாங்களே பார்த்துத் திருத்திக்கிறதுக்கு” என்று தலைவர் இடையில் புகுந்தார்.

அதிகாரி பிரஸ்ஸின் மேல் பாட்டிலை வைத்துவிட்டு, விழுந்த கீல் தகடு ஒன்றை எடுத்துப் பார்த்தார். குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் தலைவர் ஜூஸ் டம்ளரை நீட்டி, தொழில் நிலத் தட்டுப்பாட்டைப் பற்றி ஆரம்பித்தார். பின்பக்கம் ஃபோர்க்லிஃப்ட் உறுமியது. சத்தம் வெளியே கேட்காதிருக்க, தொண்டை அடைக்க வேண்டிய இடத்தில்கூடத் தலைவர் அடைக்காமல் கத்தினார்.

காபிக்கடையில் அதே பிரஸ், பச்சைத் தார்ப்பாய் போர்த்தி, வேறு மெஷின் போல நின்றது. அதிகாரி தார்ப்பாயை விலக்கித் தொட்டுப் பார்த்தார்.

“சூடா இருக்கே.”

“காலையிலேருந்து ஓடிக்கிட்டே இருக்கு மேடம்” என்றார் கீல்காரர். அன்றைக்குப் பேட்டையில் யாராவது பேசிய முதல் உண்மை அதுதான்.

“நீங்க அங்கேயும் இருந்தீங்களே?”

“அது எங்க அண்ணன் மேடம். அச்சு அசல் என்னை மாதிரியே இருப்பான்.”

“ஓ” என்றார் அதிகாரி. பிரஸ்ஸின் தலையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார். “அண்ணன் பாட்டிலையும் கொடுத்து அனுப்பிட்டாரா?”

தலைவர் முன்வாசலுக்கு நழுவினார். பாட்டில், ஃபோர்க்லிஃப்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஆடாமல் அசையாமல் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது. அதிகாரி மடக் மடக்கென்று குடித்தார், வாயைத் துடைத்தார், “அடுத்தது” என்றார்.

முன்வாசலில் தலைவர் சாண்ட்விச் தட்டோடு நின்றார். “மேடம், ரெண்டு நிமிஷம், ஒரு வாய்...”

“பசியில்லை.” அதிகாரி முன்வாசலில் நிற்கவே இல்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குள் நுழைந்தார். தட்டோடு தலைவரும், தலைவரோடு நீல யூனிஃபார்ம்களும் ஓடினார்கள்.

சந்தின் பாதியில் ஃபோர்க்லிஃப்ட் வந்துகொண்டிருந்தது. அதன் கைகளில் பிரஸ், தார்ப்பாய் ஒரு பக்கம் சரிந்து. பக்கத்தில் கீல்காரர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற சொந்தக்காரனைப் பிடித்துக்கொள்வதுபோல ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அதிகாரி குறுக்கே நின்றார். ஃபோர்க்லிஃப்ட் நின்றது.

“என்ன இது?”

கீல்காரர் பிடியை விடவில்லை. “மெஷின் மேடம்.”

“தெரியுது. என்ன செய்யுது?”

“ஓடுது மேடம்.”

அதிகாரி பையிலிருந்து ஆணையை எடுத்து ஒரு தடவை பார்த்தார். “ஓடும் நிலையில. சரியாத்தான் இருக்கு. இவ்வளவு வேகமா ஓடுற மெஷினை நான் வேற எந்தப் பேட்டையிலயும் பார்த்ததில்லை.” தலைவர் பக்கம் திரும்பினார். “யாருடைய மெஷின்?”

அந்த வரிசையின் உரிமையாளர்கள் மூன்று பேரும் சந்தில் நின்றார்கள். மெஷின் ஒன்று. கணக்கு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. ஆனால் தலைவர் என்றால் சும்மாவா? மற்ற இருவரும் வாயைத் திறப்பதற்குள் அவர் முன்னால் வந்து, பிரஸ்ஸின் மேல் ஆலிவ் எண்ணெய்க் கையை வைத்துவிட்டார்.

“என்னுது மேடம். அப்பா காலத்து மெஷின். இவங்க ரெண்டு பேரும் கேட்டாங்கன்னு, இரக்கப்பட்டு இரவல் கொடுத்தேன். இப்போ என் ஷெட்டுக்குத் திரும்பிப் போகுது.”

“அண்ணே!” என்றார் காபிக்கடைக்காரர். “அப்போ எங்க மெஷின்?”

“உங்களுக்கு ஏதுப்பா மெஷின்? நீ காபி விக்கிறே.”

“நீங்க மட்டும்? பூப்பந்து தயாரிக்கிறீங்களா?” என்று பாய்ந்தார் டான்ஸ் மாஸ்டர். அவர் சண்டைக்கு வந்தபோதுகூடக் கால் தாளத்தோடுதான் விழுந்தது.

அதிகாரி கீல்காரரைப் பார்த்தார். “இவர் மெஷின்தானா?”

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவரின் மனையும் போய்விடும். கீல்காரருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் போகிற மனை யாருக்குப் போகும்? ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர் எவரோ, அவருக்கும் பிரஸ் சத்தம் ஆகாது. சந்தின் முனையில் மச்சானின் வேன் நின்றது. அதன் முன் இருக்கையில் அவர் மனைவி, மடியில் ஒரு சாப்பாட்டுப் பையோடு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சரின்னு சொல்லுங்க’ என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

“அவர் மெஷின்தான் மேடம். நான் ஓட்டுற ஆள்.”

“நல்லது. அப்போ உள்ளே கொண்டு போய் இறக்குங்க. இறக்கி, போல்ட் அடிச்சுத் தரையில பதிங்க. பதிச்ச மெஷின்தான் மெஷின். நான் பார்த்துட்டுத்தான் போவேன்.”

தலைவரின் முகம் மாறியது. “மேடம், தரை வந்து... இறக்குமதி மரம்.”

“தொழிற்சாலையில மரத்தரை எதுக்கு?”

தலைவர் பேச்சை மாற்றினார். “போல்ட்டெல்லாம் இப்போ உடனே எங்கே போய்...”

“வேன்ல இருக்குங்க” என்றாள் கீல்காரர் மனைவி, இறங்கி வந்துகொண்டே. “சார் முன்யோசனையா எல்லாம் ஏத்தி வைக்கச் சொல்லியிருந்தாரு.”

டிரில்லர் மரத்தைத் துளைத்தபோது தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணீர் வந்தது. தொண்டை நிஜமாகவே அடைத்தது. வலையை அவிழ்த்து ஓரமாகச் சுருட்டினார்கள். மரத்துக்கு அடியில், அவருடைய அப்பா போட்ட பழைய சிமென்ட் தரை அப்படியே இருந்தது. போல்ட் கச்சிதமாக உட்கார்ந்தது.

அதிகாரி கிளம்பும்போது மற்ற இரண்டு மனைகளுக்கும் கெடு வைத்தார். தலைவரிடம் சொன்னார்: “சொல்லாம கொள்ளாம வருவேன். சத்தம் கேட்கணும். இங்கே அடிச்ச கீல் கையில காட்டணும். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் மனை கேன்சல்.” பிறகு, கீல்காரர் மட்டும் கேட்கும்படி, “நேத்து ஒரு பேட்டையில சலவை மெஷினைக் காட்டினாங்க. நானும் மேல கணக்குக் காட்டணுமே. ஒண்ணாவது நிஜமா இரும்பு அடிக்கிறதா இருந்துட்டுப் போகட்டும். உங்க அண்ணனைக் கேட்டதாச் சொல்லுங்க.”

கார் மறைந்ததும் தலைவருக்கு உயிர் வந்தது. உயிரோடு குரலும் வந்தது.

“சரி, நீங்க கிளம்புங்க. வாடகையை வாங்கிக்குங்க. மெஷின் இங்கேயே இருக்கும்; அதிகாரி முன்னாடி நீங்களே என் மெஷின்னு சொல்லிட்டீங்க. பழைய இரும்பு விலை என்னவோ அதைப் போட்டுத் தந்துடறேன். ஓட்டுறதுக்கு நம்ம வாட்ச்மேன் இருக்கான்.”

கீல்காரர் பிரஸ்ஸின் மேல் கையை வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவளோ தலைவரின் பேச்சில் ஒரு குறையும் காணாதவள்போல நின்றாள்.

“மெஷின் உங்களோடதுதான் சார். யார் இல்லேன்னா? ஓட்டிப் பாருங்களேன்.”

தலைவர் பச்சைப் பொத்தானை அமுக்கினார். சக்கரம் சுற்றியது. பெடலை மிதித்தார். டொக் என்று ஒரு வெற்றுச் சத்தம். தகட்டை அடியில் நீட்டி மறுபடியும் மிதித்தார். டொக். தகடு போனபடியே வந்தது.

“கீல் எங்கே?”

“டை இருந்தாத்தானே சார் கீல் விழும்?” அவள் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி, கீலின் வடிவம் வெட்டிய உருக்குக் கட்டி. “மெஷின் உங்களோடது. டை எங்களோடது. போல்ட் அடிக்கும்போதே கழட்டிட்டேன், தூசி படுமேன்னு.”

தலைவர் பையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். சொல்லாமல் கொள்ளாமல் வரப்போகிற ஒரு கார் அவர் கண்ணில் நிழலாடியிருக்க வேண்டும்.

“உங்களுக்கு என்ன வேணும்?”

“பாதிக் கோர்ட்டு. இப்போ சந்துல என்ன வாடகையோ, அதே வாடகை. மெஷின் எங்களோடதுன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். அதிகாரிக்கு இல்லை, எங்களுக்கு.”

“பரிசீலிக்கிறேன்.”

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “வாங்க, போலாம்” என்றாள் கணவனிடம்.

“இருங்கம்மா, இருங்க! பரிசீலிச்சுட்டேன்.”

மாதக் கடைசியில் சந்திலிருந்த ஷெட்டை இடித்தார்கள். அதற்கு முன்பே அலமாரிக் கம்பெனிக்குச் சரக்கு கோர்ட்டிலிருந்து போக ஆரம்பித்துவிட்டது. மீதிப் பாதியில் பேட்மிண்டனும் நடக்கிறது. ஆரம்பத்தில் முகம் சுளித்த உறுப்பினர்கள், இப்போது பிரஸ்ஸின் டங்குக்கு ஒத்து அடித்தால் கை நன்றாக வருகிறது என்கிறார்கள்.

கெடு வாங்கிய இரண்டு பேரும் நகரத்துச் சந்துகளில் மெஷினோடு ஆள் தேடி அலைந்தார்கள். இடிபடப்போகிற ஷெட்களில் அப்படிப்பட்ட ஆட்களுக்குப் பஞ்சமா என்ன? நேற்றுவரை ‘சத்தம் வருமே’ என்று கேட்டவர்கள் இன்று ‘சத்தம் நல்லா வருமா?’ என்று கேட்டார்கள். நடனப் பள்ளிக்கு ஒரு லேத்காரர் வந்து சேர்ந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பார்த்து இப்போது தினமும் சவரம் செய்துகொள்கிறாராம். காபிக்கடைக்கு ஒரு வெல்டர். பொறி பறப்பதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. பெயின்ட் அடித்த துருவுக்குப் பக்கத்தில் நிஜத் துருவும் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிய மச்சான், கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ‘தொழில் ஆலோசகர்’ என்று புதிதாக அடித்திருக்கிறான்.

பின் வரிசை மனைகளுக்கு ஆள் போதவில்லை. தலைவர் சும்மா இருப்பாரா? மறுபடியும் ஒரு கருத்தரங்கம். அதே பேனர், ‘நிலத்’ என்ற மூன்று எழுத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். ‘தொழில் தட்டுப்பாடு: சவால்களும் தீர்வுகளும்.’ முன் வரிசையில் அதிகாரி, சிறப்பு விருந்தினர். பாதிக் கோர்ட்டில் கூட்டம். மறு பாதியில் கீல்காரர் பெடலில் காலை வைத்திருந்தார்.

முதல் இடம் வந்தது. தலைவர் மைக்கைத் தள்ளி வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“தொழில் எங்கே? நான் கேட்கிறேன், தொழில்...”

டங்.

“...தொழில் எங்கே?”

டங்.

தலைவர் அடைத்த தொண்டையை அப்படியே வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துச் சாடை காட்டினார். கீல்காரர் காலை எடுத்துவிட்டு, கூட்டம் முழுவதும் கேட்கும்படி மரியாதையாகக் கேட்டார்.

“நிறுத்திடவாங்க?”

முன் வரிசையில் அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயோ, வேண்டாம், வேண்டாம்” என்றார் தலைவர். “ஓடட்டும்.”